இல்லை என்றால் எங்கே போவது?

காப்பி போடுவது எப்படி என்று படிப்படியாக எழுதச் சொல்லி அல்காரிதம் பாடத்தைத் தொடங்குகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. பாலைக் காய்ச்சு, டிகாஷனை ஊற்று, கொஞ்சம் சர்க்கரை போடு, ஆற்று. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதிவிடுவார்கள். வகுப்பும் கலகலப்பாக முடியும். எனக்கு அந்தத் தொடக்கத்தில் நம்பிக்கை கிடையாது. அந்தப் பட்டியலைப் படிக்கிறவருக்கு ஏற்கெனவே காப்பி போடத் தெரியும். கொஞ்சம் என்றால் எவ்வளவு, பால் திரிந்துபோனால் என்ன செய்வது, டிகாஷன் இறங்காவிட்டால் எத்தனை நேரம் காத்திருப்பது என்பதையெல்லாம் அவரே நிரப்பிக்கொள்வார். அப்படி நிரப்பிக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில்தான் அல்காரிதமே தேவைப்படுகிறது. கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1968-இல் வெளிவந்த தம் நூல் வரிசையின் முதல் தொகுதியில் சமையல் குறிப்பை எடுத்துக்கொண்டு, ஒரு சிட்டிகை உப்பு என்பது மாதிரியான கட்டளை அல்காரிதத்துக்கு ஆகாது என்று காட்டியிருக்கிறார். பிற்பாடு அதைப் படித்தபோது, பெரிய இடத்துச் சாட்சி கிடைத்துவிட்டது என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காப்பிப் பக்கமே போகவில்லை.

1990-களின் தொடக்கம். கோவில்பட்டியில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்த பெண்களுக்கு அடுத்தது கம்ப்யூட்டர் என்று ஆகிக்கொண்டிருந்த சமயம். நான் சேர்ந்த சென்டர் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் இருந்தது. கீழே மெஷின்களின் தடதட சத்தம். மேலே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும். ஹார்டு டிஸ்க் இல்லாத பி.சி.கள். ஒரு ஃபிளாப்பியைப் போட்டு டாஸை ஏற்றி, பிறகு ஜி.டபிள்யூ. பேசிக்கைக் கூப்பிடவேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் வரிசையில் ஆள் நிற்கும். கரண்ட் வேறு சொல்லிக்கொள்ளாமல் போகும். அதனால் முதல் சில மாதங்கள் கரும்பலகையும் நோட்டும்தான். கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தவளைப் பென்சிலும் ரப்பரும் வாங்கி வரச் சொல்கிறார்களே, கட்டிய பணம் என்னாவது என்று அம்மாவுக்குக் கவலை.

எங்கள் சார் சென்னையில் பஞ்ச் கார்டு காலத்தில் புரோகிராம் பழகியவர். ஒரு வரிக்கு ஒரு அட்டை, அட்டைக்கு 80 கட்டம். கட்டுக் கட்டாக அட்டைகளைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள்தான் பிரிண்ட் கிடைக்கும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் அன்றைய பொழுது போச்சு. அப்படிப் பழகியவர்களுக்கு மெஷினைத் தொடுவதற்கு முன்பே காகிதத்தில் புரோகிராமை ஓட்டிப் பார்த்துவிடும் குணம் வந்துவிடுகிறது. அவருடைய மேசையில் அட்டை பிய்ந்த ஃபோர்ட்ரான் புத்தகம் ஒன்று எப்போதும் கிடக்கும். ஈரோட்டில் பிறந்து, ஐ.ஐ.டி. கான்பூரில் பாடம் நடத்திய பேராசிரியர் வி. ராஜாராமன் எழுதியது. அந்தக் கல்லூரிக்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர் வந்து இறங்கிய கதையைச் சார் தாமே கூட இருந்து இறக்கியவர் போலச் சொல்வார்.

அல்காரிதம் வகுப்பன்று போர்டில் 47, 12, 83 என்று எழுதி, இதில் பெரிசு எது என்றார். 83 என்றோம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். இதென்ன கேள்வி என்று எல்லோருக்கும் தோன்றியது. "பார்த்தாலே தெரியுதே சார்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பார்த்தாலே தெரியுதுன்னு ஒரு கமாண்ட் கம்ப்யூட்டர்ல கிடையாதும்மா."

மூன்று துண்டுச் சீட்டில் ஏதோ எண்களை எழுதி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். முதல், இரண்டு, மூன்று என்று மேலே குறித்தார். ஒருத்தி சீட்டுகளுக்கு முன்னால் உட்காரவேண்டும். இன்னொருத்தி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கட்டளை கொடுக்கவேண்டும். உட்கார்ந்திருப்பவள் ஒரு நேரத்தில் இரண்டு சீட்டைத்தான் திருப்பலாம். எது பெரிசு என்று மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடி கவிழ்த்துவிடவேண்டும். சொல்லாத எதையும் செய்யக்கூடாது.

சுவரைப் பார்த்து நின்றது நான். விளையாட்டு போலத் தொடங்கியது, கொஞ்ச நேரத்தில் வேர்க்க வைத்துவிட்டது. எண்கள் என்னவென்று எனக்குத் தெரியாது. 83 பெரிசு என்று சொல்ல வழியில்லை. முதல் சீட்டையும் இரண்டாவதையும் பார், முதல் சீட்டு பெரிசா, ஆமாம் என்றால் அதையும் மூன்றாவதையும் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "இல்லைன்னா?" என்றார் சார். நான் அதுவரை ஆமாம் என்ற பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சரிசெய்ததும் உட்கார்ந்திருந்தவள் கையைத் தூக்கினாள்: "ரெண்டும் ஒரே நம்பர் சார், இப்பம் நான் என்ன செய்ய?" வேண்டுமென்றே இரண்டு சீட்டிலும் ஒரே எண்ணை எழுதி வைத்திருந்தார்.

பின்னாளில் நான் ஆசிரியையாகி, பதினொன்றாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் எடுத்தபோது வருடா வருடம் இந்தச் சீட்டைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன். வரையறையைப் பலகையில் எழுதிப் போடுவது சுலபம்: படிகள் முடிவுள்ளவையாக இருக்கவேண்டும், ஐயம் இல்லாமல் இருக்கவேண்டும், உள்ளீடு, வெளியீடு, செய்துமுடிக்கக்கூடியதாக இருப்பது. நூத் சொன்ன அதே ஐந்து. பிள்ளைகளும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் கண்ணால் பார்க்காத எண்களுக்காகத்தான் எழுதுகிறோம் என்பது சுவரைப் பார்த்து நிற்கும்போதுதான் மண்டையில் ஏறும்.

மூன்று சீட்டு முடிந்ததும் பத்துச் சீட்டை வைப்பார் சார். பழைய முறையில் போனால் ஆமாம், இல்லை என்று கிளை பிரிந்து பிரிந்து பலகை போதாது. இதுவரை பார்த்ததில் பெரியது எது என்பதை ஒரு தனிச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டு, தேவைப்பட்டால் அடித்து மாற்றி எழுதினால் போதும் என்பதை எங்களில் ஒருத்தியே கண்டுபிடித்தாள். பத்துக்கு ஒன்பது ஒப்பீடு, நூறுக்குத் தொண்ணூற்றொன்பது. கட்டளைகளின் நீளம் மட்டும் மாறவில்லை. எனக்குப் புரோகிராமிங் பிடித்துப்போனது அந்த மத்தியானம்தான் என்று சொல்லவேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஃப்ளோசார்ட். பச்சை நிறத்தில், அடியில் இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் ஸ்டென்சில் ஒன்று ஆளுக்கு வாங்கிக்கொண்டோம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் முனை உருண்ட பெட்டி, எண் வாங்கவும் விடை காட்டவும் இணைகரம், கணக்குச் செய்யச் செவ்வகம், கேள்வி கேட்கச் சாய்சதுரம். நாங்கள் அதை டைமண்ட் என்றுதான் சொல்வோம். இது கம்ப்யூட்டருக்காகப் பிறந்த படமே அல்ல. தொழிற்சாலை வேலையைப் படி படியாகப் பிரித்து ஆராய்ந்த ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் இதன் முன்னோடியை வைத்தார்கள். ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நாய்மனும் 1947-இல் எழுதத் தொடங்கிய அறிக்கைகளில்தான் அது கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. அப்போது உலகத்தில் கம்ப்யூட்டர் என்று விரல்விட்டு எண்ணும்படி சிலதான் இருந்தன. புரோகிராம் மொழி என்று எதுவும் ஊன்றியிருக்கவில்லை. மனிதன் யோசிப்பதற்கும் மெஷின் எண்களுக்கும் நடுவே ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

தேர்வு வந்த பிறகு இதற்கு நேர்ந்த கதிதான் பரிதாபம். அம்புக்குறிக்கு முனை போடவில்லை என்றால் அரை மதிப்பெண் போய்விடும். இணைகரம் சாயாமல் செவ்வகமாக நின்றால் இன்னொரு அரை. பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டுவந்து காட்டுவார்கள். நான் பார்ப்பது டைமண்டை மட்டும்தான். அதிலிருந்து இரண்டு அம்பு கிளம்பியிருக்கிறதா? இரண்டும் எங்கேயாவது போய்ச் சேர்கின்றனவா? பத்துப் படத்தில் பாதிக்கு மேல் இல்லை என்ற அம்பு அந்தரத்தில் நிற்கும். புரோகிராமில் எழுதினால் அது கண்ணில் படாது. இஃப் என்று எழுதி ஆமாம் பக்கத்தை முடித்துவிட்டால் மெஷின் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும்; ஏதோ ஒரு விடையும் வரும். படத்தில் அப்படி ஏமாற்ற முடியாது. அம்பு தொங்குகிறது என்றால் தொங்குகிறது. தொடக்கநிலைக்காரருக்கு ஃப்ளோசார்ட்டால் கிடைக்கிற பெரிய லாபம் இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். மற்ற வடிவங்களைக் கையால் கோணலாக வரைந்தால் குடி முழுகிவிடாது.

லீப் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தை 4-ஆல் வகு, மீதி வராவிட்டால் லீப் வருடம். எல்லோரும் இதோடு நிறுத்துவார்கள். இதில் ஒரு வேடிக்கை, 1901 முதல் 2099 வரை எந்த வருடத்தைப் போட்டுப் பார்த்தாலும் இது சரியான விடையையே தரும். வகுப்பில் யாரும் தம் பிறந்த வருடத்தையும் நடப்பு வருடத்தையும் தாண்டிப் போடமாட்டார்கள். நான் 1900 போடச் சொல்வேன். 100-ஆல் வகுபடும் வருடம் லீப் அல்ல. ஆனால் 400-ஆல் வகுபட்டால் லீப். அதனால் 1900 கிடையாது, 2000 உண்டு. மூன்று டைமண்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று பிள்ளைகள் அடித்து அடித்து எழுதுவார்கள். பெரிய கம்பெனிக்காரர்களும் இதில் தப்பவில்லை என்று காட்ட எக்செல்லைத் திறப்பேன். ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்றினால் 29-2-1900 என்று வரும், அப்படி ஒரு நாள் உலகத்தில் இருந்ததே இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழை அது. அதோடு ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக எக்செல்லிலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். வகுப்பு ஒரே ஆரவாரமாகிவிடும்.

சுற்று, அதாவது லூப், வந்ததும் ஆரவாரம் அடங்கிவிடும். 1 முதல் 10 வரை கூட்டவேண்டும். எண் என்று ஒரு பெட்டி, கூட்டு என்று ஒரு பெட்டி. "கூட்டு = கூட்டு + எண்" என்று எழுதியதும் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளைதான் முதலில் எதிர்ப்பு தெரிவிக்கும். எண் பூஜ்யமாக இருந்தாலொழிய இது எப்படிச் சமமாகும்? நியாயமான கேள்வி. இது சமன்பாடு இல்லை, வலப்பக்கம் கணக்குப் பண்ணி இடப்பக்கப் பெட்டியில் போடு என்ற உத்தரவு என்று எவ்வளவு விளக்கினாலும் பாதிதான் ஏறும். மீதியை டிரை ரன்தான் ஏற்றவேண்டும்.

டிரை ரன் என்பது ஒரு அட்டவணை. மேலே பெட்டிகளின் பெயர். கீழே ஒவ்வொரு படி முடிந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வருவது. கரண்ட் போன நேரங்களில் எங்கள் சாருக்கு இதுதான் வேலை. தொடக்கத்தில் கூட்டு எவ்வளவு என்று நாங்கள் சொல்லாமல் விட்டிருந்தால், முதல் வரிசையில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, கேள்விக்குறியும் 1-ம் கூட்டினால் எவ்வளவு என்று அப்பாவியாகக் கேட்பார். மெஷினில் ஓட்டினால் இது தெரியாது. பேசிக்கில் சொல்லாமல் விட்டாலும் 0 என்று எடுத்துக்கொண்டு சரியான விடையைத் தந்துவிடும். அதே பழக்கத்தோடு சி மொழிக்குப் போகிறவர்கள், பெட்டிக்குள் ஏற்கெனவே கிடந்த குப்பை எண்ணோடு மல்லுக்கு நிற்பார்கள். எண்ணோடு ஒன்றைக் கூட்ட மறந்த ஒருத்தியைச் சார் தடுக்கவே இல்லை. அவள் 1, 1, 1 என்று வரிசை வரிசையாக எழுதிக்கொண்டே போய், பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து, "சார், இது முடியவே முடியாது போலயே" என்றாள். முடிவுள்ளதாக இருக்கவேண்டும் என்ற முதல் இலக்கணத்தை அவள் அப்படித்தான் படித்தாள்.

இரண்டு பெட்டிகளில் இருப்பதை இடம் மாற்றும் கணக்குக்கு எல்லாப் புத்தகத்திலும் இரண்டு டம்ளர் உதாரணம் வரும். ஒன்றில் பால், ஒன்றில் மோர். மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும். எனக்கு இதுவும் ஆகாது. டம்ளரைக் கவிழ்த்தால் அது காலியாகிவிடும். கம்ப்யூட்டரில் ஏ-யில் இருப்பதை பி-யில் போட்டால் ஏ-யில் இருப்பது அப்படியே இருக்கும்; பி-யில் இருந்ததுதான் சுவடில்லாமல் போகும். டம்ளரை நம்பிய பிள்ளைகள் ஏ இப்போது காலி என்று அட்டவணையில் கோடு போட்டுவிடுவார்கள். பலகையில் இரண்டு கட்டம் வரைந்து, டஸ்டரால் ஒன்றை அழித்து எழுதிக் காட்டினால் போதும், உவமையே வேண்டாம்.

இவ்வளவு பேசினாலும் ஃப்ளோசார்ட்டை வாழ்நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கல்லூரி ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் புரோகிராமை ஓட்டி விடையை வாங்கிவிட்டு, கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து இடப்பக்க வெள்ளைத் தாளில் படம் போடுவார்கள். உலகமெங்கும் இதே கதைதான். ஐ.பி.எம்.மில் பெரிய மென்பொருள் வேலைகளை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதிய புத்தகத்தில், ஃப்ளோசார்ட்டுக்கு இருக்கும் மதிப்பு அதன் தகுதிக்கு மீறியது என்றும், புரோகிராமை எழுதிய பிறகே அது வரையப்படுகிறது என்றும் போட்டு உடைத்துவிட்டார். படத்தில் எந்தப் பெட்டியிலிருந்தும் எந்தப் பெட்டிக்கும் அம்பு விடலாம் என்பது வேறு ஒரு தொந்தரவு. வரிசை, தேர்வு, சுற்று என்ற மூன்று அமைப்பே போதும் என்று பெம், ஜாக்கோபினி என்ற இரண்டு இத்தாலியர்கள் 1966-இலேயே நிறுவிவிட்டார்கள். என் வகுப்பிலோ ஆறு அம்பு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சிக்கலாகக் கிடக்கும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. முதல் பருவம் முடிந்ததும் ஸ்டென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லிவிடுவேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை மட்டும் பாக்கியிருக்கும்: இ.பி. பில். வீட்டிலிருந்து வெள்ளை நிற ரீடிங் கார்டைக் கொண்டுவரச் சொல்வேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. 2017-க்கும் 2022 செப்டம்பருக்கும் நடுவே இருந்த கட்டணத்தைத்தான் நான் விரும்பி எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் அது டைமண்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 200 வரை என்றால் மீதி யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய், நிலைக்கட்டணம் 20. ஆக 200 யூனிட்டுக்கு 170 ரூபாய். 200-ஐத் தாண்டி 500 வரை என்றால் அட்டவணையே வேறு: இரண்டாவது நூறுக்கு இரண்டு ரூபாய், அதற்கு மேல் மூன்று ரூபாய், நிலைக்கட்டணம் 30. ஆக 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் மூன்றாவது அட்டவணைக்குப் போய்விடவேண்டும். 3.50, 4.60, 6.60, நிலைக்கட்டணம் 50. 501 யூனிட்டுக்கு 1,786 ரூபாய் 60 காசு.

பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாயா என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். டைமண்டுக்குள் 500-ஐ விடப் பெரியதா என்று எழுதுவதும், 500 அல்லது அதற்கு மேலா என்று எழுதுவதும் ஒன்றுதானே என்று சொன்ன ஒருவன், அந்தப் பில்லைக் கட்டுவது தன் அப்பா என்று நினைத்துப் பார்த்ததும் ரப்பரைத் தேடினான். எல்லையில் இருக்கும் எண்ணையும், எல்லைக்கு அடுத்த எண்ணையும் போட்டுப் பார்க்கவேண்டும் என்று அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொல்லவேண்டி வரவில்லை. 100, 101, 200, 201, 500, 501 என்று அவர்களே அட்டவணை போட்டுக்கொண்டார்கள்.

ஒரு வருடம் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் இதோடு விடவில்லை. படத்தின் முதல் செவ்வகத்திலேயே அவளுக்குச் சந்தேகம்: இந்த மாத ரீடிங்கிலிருந்து போன தடவை ரீடிங்கைக் கழி என்று எழுதியிருக்கிறோமே. "இந்தத் தடவை ரீடிங் சின்னதா இருந்தா என்ன செய்ய, டீச்சர்?" எப்படிச் சின்னதாக இருக்கும் என்று பையன்கள் சிரித்தார்கள். அவள் வீட்டுப் பழைய மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். போன தடவை 99,997, இந்தத் தடவை 00213 என்று பலகையில் எழுதினாள். சிரிப்பு நின்றது. ஒரு லட்சத்தைக் கூட்டிக் கழிக்கவேண்டும், 216 யூனிட் என்று பின்வரிசையிலிருந்து விடை வந்தது. டைமண்ட் ஒன்று கூடியது.

அவள் இன்னும் உட்காரவில்லை. மீட்டர் பழுதாகிப் புதிதாக மாற்றினாலும் ரீடிங் சின்னதாகத்தானே இருக்கும் என்றாள். அப்போது ஒரு லட்சத்தைக் கூட்டினால் பில் எங்கேயோ போய்விடும். மீட்டர் சுற்றி வந்ததா, மாற்றப்பட்டதா என்பதை இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது என்று வகுப்பு ஒரு பீரியட் முழுக்க வாதாடி ஒப்புக்கொண்டது. தொடக்கத்திலேயே இன்னொரு இணைகரம் வேண்டும்: மீட்டர் மாற்றப்பட்டதா? ஆமாம் என்றால் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கும் புதிய மீட்டரின் முதல் ரீடிங்கும் வேண்டும். அந்த இரண்டு எண்ணும் கார்டில் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று பார்க்க, மீட்டர் மாற்றிய வீடு யாருடையது என்று வகுப்பில் விசாரித்தோம். இரண்டு பேர் கை தூக்கினார்கள், மறுநாள் கார்டைக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.